அத்தானின் நேத்து

அத்தான் தேநீர்க் கோப்பையை விசைப்பலகைக்கு இடப்பக்கம் வைக்கிறார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைக்கிறார். துடைத்த பிறகு அது முன்பைவிட மங்கலாகத்தான் இருக்கும். பிறகு கருப்புத் திரையில் 'நேத்து' என்று அடித்து என்டரைத் தட்டுகிறார். முந்தின நாள் அவர் கம்ப்யூட்டருக்கு இட்ட கட்டளைகளெல்லாம் நேரம் முதற்கொண்டு ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நிற்கின்றன. யாரோ முன்பின் தெரியாத ஆள் பார்த்துவிட்டுப் போன வேலையைச் சரிபார்ப்பவரைப் போல, தாடையைச் சொறிந்துகொண்டே வாசிக்கிறார்.

"பரவால்லையே, ஆளு கொஞ்சம் விவரமாத்தான் பண்ணியிருக்கான்" என்பார் சில நாள். பல நாள், "யாருடா இந்தக் கிறுக்கன்?" என்பார்.

அவர் என் அக்காவின் கணவர். பொய்ப்பல் செய்யும் ஆய்வகம் ஒன்றின் சர்வர்களை வீட்டிலிருந்தபடியே கவனித்துக்கொள்கிறவர். பல் மருத்துவர்கள் நோயாளிகளின் வாயைப் படமெடுத்து அனுப்புவார்கள். அந்தப் படங்கள் காணாமல் போகாமலும் இடம் மாறாமலும் பார்த்துக்கொள்வது அத்தானின் வேலை. ஊரில் இருக்கிற சொத்தைப் பல்லெல்லாம் அவர் பொறுப்பு. சாப்பிடும்போது அதைப் பற்றிப் பேசக் கூடாது என்பது அக்காவின் சட்டம்.

அந்த வேலை நடக்கும் அறையில்தான் மடக்குக் கட்டில் போட்டு நான் படுக்கிறேன். சில வருடங்கள் தேசம் தேசமாகச் சுற்றிவிட்டு ஒரு முதுகுப்பை, ஒரு இருமல், முதல் பக்கம் மட்டும் எழுதிய ஒரு டைரி ஆகியவற்றோடு திரும்பி வந்தவள் நான். "கொஞ்ச நாள்தான் இருப்பேன்" என்று சொல்லி வந்தேன். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று அக்கா இன்னும் கேட்கவில்லை. அத்தான் என்னை 'ஊர்சுத்தி' என்று கூப்பிடுகிறார். எந்த ஊரில் என்ன பார்த்தேன் என்று அவர் விசாரித்தால், பஸ் ஏறியதும் பஸ் இறங்கியதும் மட்டுமே தெளிவாக நினைவுக்கு வருகின்றன. இப்படிப்பட்ட நான்தான் ஒருகாலத்தில் அவருடைய மறதியைக் கிண்டல் செய்தேன்.

'நேத்து' அவரே எழுதிய சின்ன ஸ்கிரிப்ட், அதாவது சில கட்டளைகளைக் கோத்து வைத்த ஒரு கோப்பு. ஒரு உள்ளங்கையில் எழுதிவிடலாம், அவ்வளவுதான் நீளம். இந்தக் கருப்புத் திரைகளுக்கு ஒரு குணம் உண்டு. நாம் அடிக்கும் ஒவ்வொரு கட்டளையையும் அவை தமக்குள் குறித்து வைத்துக்கொள்ளும். 'நேத்து' அந்தக் குறிப்பைத் தோண்டி, ஒரே கட்டளை பத்து தடவை வந்திருந்தால் ஒன்றாக்கி, இன்றைக்கு இதுவரை அடித்தது உட்பட, தேதிவாரியாகக் காட்டும். 'நேத்து பிரின்டர்' என்று அடித்தால், பிரின்டரோடு இத்தனை காலமாக அவர் போட்ட சண்டை முழுவதும் வரும். அதில் ஜெயித்த வரியைப் பார்த்து அப்படியே மறுபடி ஓட்டுவார். அவர் தொழில் ரகசியம் இவ்வளவே.

"எனக்கு ஒன்னும் தெரியாது ஊர்சுத்தி. எல்லாம் அவனுக்குத்தான் தெரியும்" என்று திரையைக் காட்டுவார். அவன் என்பது நேற்றைய அத்தான்.

அடக்கத்துக்காகச் சொல்கிறார் என்று முதலில் நினைத்தேன். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். உண்மையிலேயே ஒன்றும் தெரியவில்லை. ஒரு கோப்புறையைச் சுருக்கிப் பெட்டிபோல் கட்டும் கட்டளையை, தினமும் இடுகிற அதே கட்டளையை, தினமும் தேடி எடுக்கிறார். "இதுல நாலு எழுத்து வரும். எந்த நாலுன்னுதான் தெரியாது." வீட்டிலும் இதே கதைதான். கடைக்குப் போய் நின்றுகொண்டு அக்காவுக்குப் போன் செய்வார்: "போன தடவ எந்த சோப்பு வாங்கினோம்?" குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு எதற்காகத் திறந்தோம் என்று யோசிப்பார். வீட்டுக்கும் ஒரு மேல் அம்புக்குறி இருந்தால் நன்றாக இருக்கும் என்று சொல்லியிருக்கிறார். கருப்புத் திரையில் அந்த விசையை ஒருமுறை அழுத்தினால் முந்தைய கட்டளை திரும்ப வரும், மறுபடி அழுத்தினால் அதற்கும் முந்தையது. அவருடைய விசைப்பலகையில் மற்ற விசைகளெல்லாம் புதிதுபோல் இருக்க, அந்த ஒன்று மட்டும் வழுவழுவென்று தேய்ந்து, அம்பு அழிந்து, வெறும் கருப்பு வில்லையாக இருக்கிறது.

கட்டளை வரியில் '#' குறி போட்டு எதை எழுதினாலும் கம்ப்யூட்டர் அதைப் பொருட்படுத்தாது. ஆனால் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும். மனைவியிடம் கணவன் எதிர்பார்ப்பதற்கு நேர் எதிரான குணம் இது என்று அக்கா சொல்வாள். அத்தான் இந்த வசதியைத் தன்னைத் திட்டிக்கொள்வதற்குப் பயன்படுத்துகிறார். அவர் 'நேத்து'வைப் புரட்டினால் இப்படியெல்லாம் வரும்:

# இதை மறுபடி ஓட்டாதே. போன தடவை அழுதாய்.

# பசியோடு செய்தது. நம்பாதே.

# ஏன் வேலை செய்கிறது என்று தெரியவில்லை. தொடாதே.

இருக்கிற இடத்துக்கு ஏதாவது உதவி செய்யலாமே என்று, பல் படங்களுக்குப் பெயர் மாற்றும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். மாற்றியும் விட்டேன். இப்போது அங்கே இன்னொரு வரி இருக்கிறது:

# மேல் பல்லெல்லாம் கீழ் பல் ஆனது. இது நான் இல்லை. ஊர்சுத்தி.

திட்டு மட்டும்தான் இப்படிப் பதிவாகும். எப்போதாவது ஒரு காரியம் முதல் தடவையிலேயே சரியாக வந்துவிட்டால், அத்தான் ஓரக்கண்ணால் அறையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இடைவெளிப் பட்டையை ஒரு தட்டுத் தட்டி, அதன் பிறகு '# சபாஷ்டா' என்று எழுதுவார். வரியின் தொடக்கத்தில் ஒரு இடைவெளி விட்டால் அந்த வரியைக் கம்ப்யூட்டர் குறித்து வைக்காது. அப்படி அமைத்து வைத்திருக்கிறார். பாராட்டு வரும், போகும், சுவடு இருக்காது.

"அத மட்டும் ஏன் மறைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"திட்டு நாளைக்கு உதவும். சபாஷ வச்சு என்ன பண்றது? நாளைக்கு வர்றவன் அத படிச்சுட்டு மெதப்புல தப்பு பண்ணுவான்."

நாளைக்கு வருகிறவன் என்பது நாளைய அத்தான். அவர்மேல் இவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

பல் ஆய்வகத்தை வேறொரு பெரிய ஆய்வகம் வாங்கியபோது இந்த ஏற்பாடு ஆட்டம் கண்டது. அவர்களுக்குச் சொந்தமாக ஆட்கள் இருந்தார்கள். மாதக் கடைசியோடு போதும் என்று பணிவாக எழுதியிருந்தார்கள். அக்கா மூட்டுவலிக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவள். அவள் வருமானத்தில் அடுப்பு எரியும், கூரை நிற்காது. நாற்பத்தைந்தைத் தாண்டிய ஒரு ஆளை, அதுவும் எதையும் மனப்பாடமாகச் சொல்லத் தெரியாத ஆளை, யார் கூப்பிடுவார்கள்? ஒரே ஒரு இடம் கூப்பிட்டது. ரொட்டித் தொழிற்சாலை. ஆனால் அவர்கள் பேச்சில் மயங்குகிறவர்கள் இல்லை. வீடியோ அழைப்பில் உட்கார வைத்து, தங்களுடைய கம்ப்யூட்டர் ஒன்றுக்குள் விடுவார்கள். அதில் ஏதோ ஒன்றைக் கெடுத்து வைத்திருப்பார்கள். அவர்கள் கண்முன்னாலேயே சரிசெய்ய வேண்டும்.

அத்தான் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். பிறகு சொன்னார்: "அவங்க மெஷின்ல நேத்தே கிடையாது."

அக்கா ஈரத் துணியை உதறிக்கொண்டே சொன்னாள்: "அப்போ இன்னைக்கே படிங்க."

பயிற்சியை நான் ஏற்றேன். யார் கேட்டார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை. பயணங்களில் நான் கற்ற ஒரே பாடம், ஊன்றுகோலை எடுத்துவிட்டால் மனிதன் நடப்பான் என்பது. அதை எனக்குச் சொன்னவர் ஒரு பஸ்ஸில் என் தோளில் தூங்கி வழிந்தவர். அந்த ஞானத்தின் பேரில், அத்தானின் விசைப்பலகையிலிருந்து மேல் அம்புக்குறியின் மூடியை ஒரு கரண்டிக் காம்பால் நெம்பி எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். அவ்விடத்தில் ஒரு ரப்பர் முளை மட்டும் நின்றது. அத்தான் எதிர்க்கவில்லை. யோசிக்கும் போதெல்லாம் அவர் விரல் அந்த முளையைத் தேடிப்போய் அழுத்தியது. முளையும் ஒழுங்காக வேலை செய்தது. பயிற்சியின் பலன் அவர் விரல் நுனி சிவந்தது ஒன்றுதான்.

"கேளு, ஊர்சுத்தி" என்று கண்ணை மூடிக்கொண்டு உட்காருவார். நான் ஒரு தாளைப் பார்த்துக் கேட்பேன்.

"டிஸ்க் நிறைஞ்சுபோச்சான்னு பாக்க?"

"அது... சின்னது. ரெண்டே எழுத்து."

"எந்த ரெண்டு?"

"நீ சொல்லு, சரியான்னு சொல்றேன்."

அக்கா வாசலில் சாய்ந்து நின்று இதைக் கேட்டுவிட்டு, "கல்யாணத்தன்னைக்கு என் பேர எப்படிச் சொன்னாரோ" என்று முனகிவிட்டு உள்ளே போனாள். சிரித்துக்கொண்டேதான் போனாள். ஆனால் அன்று அவள் மாலை வகுப்புக்கு மேலும் சில மூட்டுவலிக்காரர்களைச் சேர்த்துக்கொண்டதை நான் கவனித்தேன்.

தேர்வு காலையில் வந்தது. நான் கண் விழித்தபோது அது ஏற்கெனவே தொடங்கிவிட்டிருந்தது. என்னை எழுப்ப மனம் வராமல், அத்தான் என் கட்டிலை ஒட்டிய மேசைமுன் உட்கார்ந்து அழைப்பைத் தொடங்கியிருக்கிறார். கேமரா அவரையும் அவருக்குப் பின்னாலிருந்த கதவையும் பார்த்துக்கொண்டிருந்தது. எழுந்து போக வேண்டுமென்றால் இரவு உடையோடு ரொட்டித் தொழிற்சாலையின் முன்னால் ஊர்வலம் போக வேண்டும். பல எல்லைகளைத் தாண்டிய நான் என் அறைக் கதவைத் தாண்ட வழியில்லாமல் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு கிடந்தேன். திரை எனக்குச் சாய்வாகத் தெரிந்தது.

"லேபிள் அச்சடிக்கிற சர்வீஸ் நின்னுபோச்சு. ஏன்னு கண்டுபிடிச்சு ஓட விடணும். ஆரம்பிக்கலாம் சார்." ஒரு பெண்ணின் வறண்ட குரல். தொழிற்சாலையின் சிஸ்டம் மேலாளர். கத்தரித்த நரைமுடி, திரையின் மூலையில் சின்னக் கட்டத்தில் முகம்.

அத்தான் கை விரல்களை நெட்டி முறித்தார். பிறகு அவர் அடித்தது: நேத்து.

அப்படி ஒரு கட்டளை இல்லை என்றது திரை.

மேலாளர் எதையோ எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. அத்தானின் கழுத்தில் வியர்வை இறங்குவதை நான் பார்த்தேன். விரல் முளையின் மேல் நின்றது, அழுத்தவில்லை. கடைசியில் அவர் புதிய கோப்பு ஒன்றைத் திறந்து, எதையும் பார்க்காமல், நிறுத்தாமல், எழுதத் தொடங்கினார். இத்தனை நாள் நான் கேட்ட கேள்விகளில் ஒன்றுக்கும் பதில் தெரியாதவர், தன் ஸ்கிரிப்டை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை அப்படியே ஒப்பித்தார். எத்தனை கம்ப்யூட்டர் மாறும்போது எத்தனை தடவை எழுதியிருப்பாரோ, அது ஒன்றுதான் அவருக்கு மனப்பாடம்.

"சார், என்ன எழுதுறீங்க?"

"மூக்குக் கண்ணாடி மாதிரி மேடம். இது இல்லன்னா எனக்கு எதுவும் தெரியாது."

எழுதி முடித்து ஓட்டினார். இந்த ஐந்து நிமிடத்தில் அவர் அடித்த ஓரிரு வரிகள்தான் வர வேண்டும். வந்ததோ ஒரு நீளப் பட்டியல். அமைப்புக் கோப்பு ஒன்றைத் திறந்தது. லேபிள் கோப்புறையின் பெயரை மாற்றியது. ஒரு கட்டளையைப் பிழையாக அடித்து, மறுபடி பிழையாக அடித்து, பிறகு சரியாக அடித்தது. சர்வீஸை நிறுத்தியது. எல்லாவற்றுக்கும் கீழே, இந்தப் பட்டியலையே அழித்துவிடு என்ற கட்டளை. மேலாளர் அந்தக் கம்ப்யூட்டரை எப்படிக் கெடுத்தார் என்பது படிப்படியாக அங்கே இருந்தது. தலைகீழாக நடந்து போனால் போதும், வேலை முடிந்தது.

தட்டுங்க அத்தான், என்று போர்வைக்குள் வேண்டிக்கொண்டேன். என் நேர்மை அவ்வளவுதான் நீளம்.

அத்தான் இரண்டு கைகளையும் விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"மேடம், ஒன்னு சொல்லணும். நீங்க இத எப்படிக் கெடுத்தீங்கன்னு இங்க வந்திருச்சு. நான் படிச்சுட்டேன். வேணும்னு பாக்கல. ஆனா படிச்சுட்டேன்."

அங்கே எழுதும் சத்தம் நின்றது. "அத நான் அழிச்சேனே சார்."

"அழிச்சீங்க மேடம். அழிச்சதும் கடைசி வரியா இருக்கு. அழிச்ச கையோட வெளிய வந்திருப்பீங்க. வெளிய வரும்போது அது மனசுல வச்சிருந்தத எல்லாம் மறுபடி எழுதி வச்சிட்டுப் போயிடும்."

"இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நானும் ஒரு தடவ பழைய முதலாளிகிட்ட ஒன்ன மறைக்கப் பாத்தேன் மேடம். இதே மாதிரிதான் மாட்டினேன்."

அங்கே பேச்சே இல்லை. அந்த அமைதியைத்தான் என் இருமல் தேர்ந்தெடுத்தது. மூன்று கண்டங்களில் சேர்த்த இருமல். போர்வையைக் கடித்தும் நிற்கவில்லை.

மேலாளர் குரல் மாறிவிட்டது. "அங்க யாரு இருக்கா? தனியா உக்காரணும்னு சொல்லியிருந்தோமே."

"என் மச்சினி மேடம். தூங்கிட்டிருந்தா, எழுப்பல. வெளிய போக வழியில்லாம மாட்டிக்கிட்டா. அவ எனக்கு எதுவும் சொல்லித் தரல."

"அத நான் எப்படி நம்புறது?"

அத்தான் கட்டில் பக்கம் கையைக் காட்டினார். "மேல் பல்ல எல்லாம் கீழ் பல்லாக்கின ஆளு மேடம்."

எழுந்து முகத்தைக் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். ஒரு பக்கம் படிந்தும் மறுபக்கம் நட்டுக்கொண்டும் இருந்த தலைமுடியோடு, கன்னத்தில் தலையணை மடிப்போடு, "வணக்கம் மேடம்" என்றேன். என்னைப் பார்த்தவுடன் மேலாளருக்கு இருந்த சந்தேகம் தீர்ந்துவிட்டது. இவளால் யாருக்கும் எந்த உதவியும் செய்ய முடியாது என்று என் முகத்திலேயே எழுதியிருந்தது போலும். என் முகம் அத்தானுக்காகச் சொன்ன ஒரே சாட்சியம் என்று அக்கா இதை இன்றும் சொல்கிறாள்.

"இன்னும் ஏதாவது சொல்ல வேண்டியது இருக்கா சார்?"

"இல்ல மேடம். ரூம்ல வேற யாரும் இல்ல."

"சரி. இப்ப நான் வேற ஒன்ன கெடுக்கிறேன். இந்த தடவ ஒழுங்கா அழிக்கிறேன்."

கெடுத்தார். ஒழுங்காகவும் அழித்தார். அதன் பிறகு நடந்தது பார்க்கச் சகிக்காது. என் எதிரிலேயே அத்தான் தட்டுத்தடுமாறினார். உதவிக் குறிப்புகளை வரி வரியாக வாசித்தார். ஒரே தவறை இரண்டு தடவை செய்தார். ஒவ்வொரு தடுமாற்றத்துக்குப் பிறகும் 'நேத்து' என்று அடித்து, அரைமணி நேரம் முன்பு என்ன செய்தோம் என்று பார்த்துக்கொண்டார். நடுவில் '# இது இல்லை, மறுபடி இந்தப் பக்கம் வராதே' என்று அவர்கள் கம்ப்யூட்டரிலேயே எழுதினார். மேலாளர் ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் எங்கோ லேபிள் அச்சடிக்கும் சர்வீஸ் எழுந்து நின்றது. "சொல்லி அனுப்புறோம்" என்று அழைப்பு முடிந்தது.

கதவைத் திறந்ததும் அக்கா வெளியே நின்றிருந்தாள். "என்னாச்சு?"

"போச்சு" என்றார் அத்தான்.

"இவ இருமினதாலயா?"

"இல்ல. அதுக்கு முன்னாடியே போச்சு. இவ இருமினது கொஞ்சம் நல்லதுதான். கலகலப்பா இருந்துச்சு."

அக்கா என்னைப் பார்த்த பார்வையில், எனக்கு உடனே எங்காவது தூர தேசத்துக்கு டிக்கெட் எடுக்க வேண்டும்போல் இருந்தது. போனில் பார்க்கவும் பார்த்தேன். எடுக்கவில்லை. இந்த ஆள் என்ன ஆகிறார் என்று தெரியாமல் கிளம்ப முடியவில்லை. இதற்கு முன் எந்த ஊரிலும் எதன் முடிவுக்கும் நான் காத்திருந்ததில்லை.

அந்த வாரம் முழுவதும் அத்தான் தன் வேலையைப் பல் ஆய்வகத்தின் புது ஆட்களிடம் ஒப்படைத்துக்கொண்டிருந்தார். கட்டளைகளை மட்டும் கொடுத்தால் போதுமென்றார்கள். இவர் திட்டுகளையும் சேர்த்தே அனுப்பினார். "அதுதான் முக்கியம்" என்றார். மேல் பல் கீழ் பல் வரியையாவது எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். எடுக்கவில்லை.

போன் வந்தபோது வெயில் ஏறியிருந்தது. அக்கா வகுப்புக்குக் கிளம்பிக் காலணியில் ஒரு காலை நுழைத்திருந்தாள். அத்தான் பேசியதெல்லாம் "ம்", "சரி மேடம்", "இல்ல மேடம், அது சும்மா எழுதினது" என்பவைதான். பிறகு, "அழிக்க வேண்டாமா? சரி மேடம், இருக்கட்டும்" என்றார். போனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"திங்கக்கிழமை வரச் சொல்றாங்க. அந்த நேத்துவ அந்தம்மாவும் ஓட்டிப் பாத்துக்கிறாங்களாம்."

அக்கா மற்றக் காலை நுழைக்காமல் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "அத கொஞ்சம் சத்தமா சொன்னா என்ன?" என்று முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

அத்தான் ஏற்கெனவே அறைக்குள் போய்விட்டிருந்தார். நான் பின்னாலேயே போனேன். திரையைப் பார்த்தபடியே, திரும்பாமல், என் பக்கமாக உள்ளங்கையை நீட்டினார். என் பையில் செல்லாத நாணயங்களுக்கும், திருப்பிக் கொடுக்க மறந்த ஏதோ ஒரு விடுதிச் சாவிக்கும் நடுவில் அந்தத் தேய்ந்த கருப்பு வில்லையைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். ரப்பர் முளையின் மேல் வைத்து அமுக்கினார். 'டக்' என்று உட்கார்ந்தது.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். அறையை ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்த்தார். நான் எதையும் பார்க்காததுபோல் ஜன்னல் பக்கம் திரும்பி, ஜன்னல் கண்ணாடியில் தெரிந்த அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கட்டைவிரல் வழக்கம்போல் இடைவெளிப் பட்டைக்குப் போய், அதன் மேல் நின்றது. கொஞ்ச நேரம் நின்றது. பிறகு, தட்டாமலே, கட்டைவிரலை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு, மற்ற விரல்களால் '#' குறியிலிருந்தே எழுதத் தொடங்கினார்.